டைம்அவுட் என்று சொல்வது அட்டையா, டிரைவரா?

கொழும்புக் கோட்டையில் தலைமை அலுவலகத்தையும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் போன்ற ஊர்களில் கிளைகளையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தன் கணக்குத் தரவுகளை வெளியார் படிக்க முடியாதபடி பெரும்பாலும் ஐபிசெக் சுரங்கங்களின் வழியாகவே அனுப்புகிறது. சுரங்கம் என்று பெயர் இருந்தாலும் அதற்கெனத் தனிக் கம்பி எதுவும் இல்லை. சாதாரண இணைய இணைப்பில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) இந்த முனையில் மறைகுறியாக்கி அந்த முனையில் பழையபடி விரித்தெடுப்பதுதான் அங்கே நடக்கிறது. இந்த வேலையைச் சுரங்கத்தின் முனையிலுள்ள நுழைவாயில் கணினியின் செயலியே செய்யலாம். போக்குவரத்து அதிகமானால் இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு சிப்பிடம் ஒப்படைக்கலாம். அந்தச் சிப்தான் மறைகுறியாக்க முடுக்கி. இன்டெலின் குயிக்அசிஸ்ட் இன்று பரவலாக அறியப்பட்ட ஒன்று; சிறிய ரூட்டர்கள் பலவற்றில் முடுக்கி தனி அட்டையாக இல்லாமல் பிரதான சிப்பின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

இத்தகைய நுழைவாயிலின் லாக்கில், அதாவது நடந்தவற்றைக் கணினி வரி வரியாகப் பதிந்துவைக்கும் கோப்பில், முடுக்கி உரிய நேரத்தில் பதில் தரவில்லை, ஆகவே அது ரீசெட் செய்யப்படுகிறது என்ற பொருளில் டைம்அவுட் வரி ஒன்று திடீரென்று தோன்றும். கிளைகளில் சில நொடி திரை உறைந்து, பிறகு எல்லாம் தானாகவே சரியாகிவிடும். மறுநாளோ மறுவாரமோ அதே வரி திரும்பவும் வரும். அந்த வரியில் வன்பொருள் என்ற சொல் இருப்பதால், அட்டை பழுது என்று முடிவு கட்டி, புதிய அட்டைக்கு விலை கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதே பல அலுவலகங்களில் முதல் நடவடிக்கையாக இருக்கிறது. அட்டையை வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வரவழைக்க வேண்டிய நமக்கு அது விலை கூடிய முடிவு. பல வேளைகளில் தவறான முடிவும்கூட. ஏனெனில் அந்த வரியை எழுதியது அட்டை அல்ல, அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள். அட்டை வேலையை முடிக்கவில்லை என்று டிரைவர் கண்ணால் கண்டு சொல்லவில்லை. குறித்த நேரத்துக்குள் தனக்குச் செய்தி வந்து சேரவில்லை என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும்.

இந்த வேறுபாடு புரிய வேண்டுமானால் ஒரு வேலை டிரைவரிடமிருந்து அட்டைக்குப் போய்த் திரும்பும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியின் நினைவகத்தில் வட்டமாகச் சுழலும் ஒரு வரிசை இருக்கும். அதை ரிங் என்பார்கள். மறைகுறியாக்க வேண்டிய பாக்கெட் எங்கே இருக்கிறது, எந்தச் சாவியைப் பயன்படுத்த வேண்டும், விடையை எங்கே வைக்க வேண்டும் என்ற விவரங்களை டிரைவர் அந்த ரிங்கில் ஓர் இடத்தில் எழுதிவிட்டு, புதிய வேலை வந்திருக்கிறது என்று அட்டையின் ஒரு ரெஜிஸ்டரில் (அட்டைக்குள்ளேயே உள்ள சிறு நினைவிடத்தில்) குறிப்பிடும். அட்டை செயலியின் உதவியின்றித் தானே நினைவகத்திலிருந்து விவரத்தைப் படித்து, வேலையை முடித்து, விடையை எழுதி, முடிந்தது என்ற அடையாளத்தையும் ரிங்கில் பதித்துவிட்டு, செயலியின் கவனத்தை அழைக்கும் இன்டரப்ட் ஒன்றை எழுப்பும். இன்டரப்ட் வந்ததும் டிரைவர் ரிங்கைப் பார்த்து முடிந்தவற்றை எடுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் புறம்பாக டிரைவருக்குள் வாட்ச்டாக் என்னும் காவல் நேரங்காட்டி ஒன்று அவ்வப்போது விழித்து, நிலுவையில் உள்ள வேலை எல்லை மீறிக் காத்திருக்கிறதா என்று பார்க்கும். மீறியிருந்தால் அட்டையை ரீசெட் செய்யும். எல்லை எவ்வளவு என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும். லினக்ஸில் நெட்வொர்க் அட்டைகளுக்கான பொது வாட்ச்டாக், டிரைவர் வேறு அளவு சொல்லாவிட்டால், 5 நொடியை எல்லையாகக் கொள்கிறது. கீழே வரும் எடுத்துக்காட்டுகளிலும் அந்த 5 நொடியையே வைத்துக்கொள்வோம்.

பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், ஆனால் கையொப்பமிட்ட ஒப்புதல் அட்டை திரும்பி வராமல் எங்கோ தங்கியிருக்கலாம். அனுப்பியவருக்கோ கடிதமே தொலைந்ததாகத்தான் தோன்றும். முடுக்கியின் கதையும் இதுதான். வேலை முடிவது ஒன்று, முடிந்த செய்தி வந்து சேர்வது இன்னொன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் சரியாக ஓடுவது மூன்றாவது. பின்னைய இரண்டில் எது பிசகினாலும் லாக்கில் அதே வரிதான் வரும்.

கடிகாரமும் செய்தியும் இரண்டுமே சரியாக இருந்தும் கணக்கு மட்டும் பிழையாகிப்போகும் ஒரு வகையை முதலில் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் தொடங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுவே. கடைசியாக ஒரு வேலை முடிந்த நேரத்தை மட்டும் டிரைவர் குறித்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். பிற்பகல் 1:10:00 மணிக்கு ஒரு வேலை முடிந்தது, ரிங் காலியாகிவிட்டது, மதிய உணவு வேளை என்பதால் சுரங்கத்தில் எதுவும் போகவில்லை. வாட்ச்டாக் ஒவ்வொரு நொடியும் விழிக்கிறது, நிலுவை எதுவும் இல்லாததால் திரும்பவும் தூங்கிவிடுகிறது. சரியாக 1:17:19.990 மணிக்கு ஒருவர் வந்து திரையைத் தட்ட, புதிய வேலை ஒன்று ரிங்கில் ஏறுகிறது. அடுத்த 10 மில்லிநொடியில், 1:17:20.000 மணிக்கு, வாட்ச்டாக் விழிக்கிறது. நிலுவையில் ஒரு வேலை இருக்கிறது. கடைசியாக ஏதாவது முடிந்து 440 நொடி ஆகிவிட்டது. எல்லையோ 5 நொடி. உடனே டைம்அவுட் என்று எழுதி அட்டையை ரீசெட் செய்துவிடுகிறது. அந்த வேலை ரிங்கில் ஏறி 10 மில்லிநொடிதான் ஆகியிருக்கிறது. அட்டை அதை எடுத்து நடத்திக்கொண்டிருந்திருக்கும், அல்லது முடிக்கும் தறுவாயில் இருந்திருக்கும்.

இந்த வகைப் பிழையின் அடையாளம் அது வரும் வேளை. வெப்பத்தாலோ பளுவாலோ தள்ளாடும் அட்டை, மாதக் கடைசியில், எல்லாக் கிளைகளும் கணக்கு முடிக்கும் நேரத்தில் விழ வேண்டும். இதுவோ போயா விடுமுறையன்றும் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டு, நெருக்கடியான திங்கட்கிழமை முழுவதும் வாய் திறக்காது. லாக்கில் உள்ள நேரங்களைப் போக்குவரத்து வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு டைம்அவுட்டும் நீண்ட அமைதிக்குப் பிறகு வரும் முதல் பாக்கெட்டோடு சேர்ந்தே வருகிறது என்று கண்டால், அட்டையைத் தொடவே வேண்டாம். செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு: சுரங்கத்தின் வழியாக நொடிக்கு ஒரு பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு பாக்கெட்) போகும்படி வைத்துவிட்டு ஓரிரு வாரம் பாருங்கள். கடைசியாக வேலை முடிந்த நேரம் ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்கப்படுவதால், காரணம் மேற்சொன்னதாக இருந்தால் டைம்அவுட் நின்றுவிடும். நிலையான தீர்வு டிரைவரில்தான் இருக்கிறது: காலியான ரிங்கில் முதல் வேலை ஏறும்போது அந்த நேரத்தைப் புதிதாகக் குறிக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு வேலைக்கும் அது ஏறிய நேரத்தைத் தனித்தனியே எழுத வேண்டும். டிரைவரின் புதிய பதிப்பில் இது திருத்தப்பட்டிருக்கிறதா என்று மாற்றக் குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது நம் பங்கு.

ஆனால் பிங் சோதனையில் தேறிவிட்டது என்பதால் மட்டும் இதுவேதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இன்டரப்ட் எழுப்பினால் செயலி திணறும் என்பதற்காக, பல வேலைகள் முடிந்த பின் ஒரே இன்டரப்ட் எழுப்பும்படி அட்டைகளை அமைப்பார்கள். போதிய எண்ணிக்கை சேராவிட்டாலும் குறித்த நேரம் கழிந்ததும் எழுப்ப வேண்டும் என்று ஒரு நேர வரம்பும் கூடவே இருக்கும். அந்த நேர வரம்பு அணைக்கப்பட்டோ தவறாக அமைக்கப்பட்டோ இருந்தால், அமைதியான வேளையில் கடைசி இரண்டு மூன்று வேலைகள் முடிந்தும் கேட்பாரற்றுக் கிடக்கும். பிங் அனுப்பினால் எண்ணிக்கை சேர்ந்து இதுவும் மறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய ரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

ரிங்கைப் பார்ப்பது என்றால் என்ன? பல டிரைவர்கள் மூன்று எண்களைத் தாமாகவே வைத்திருக்கும். அவற்றை லாக்கிலோ டீபக் (பிழைதேடல்) கோப்புகளிலோ காட்டும். ஒப்படைத்த வேலைகள் எத்தனை, அட்டை முடித்ததாக அடையாளமிட்டவை எத்தனை, டிரைவர் எடுத்துக்கொண்டவை எத்தனை என்பவையே அவை. டைம்அவுட் வந்த கணத்தில் ஒப்படைத்தது 48,211, முடிந்தது 48,211, எடுத்துக்கொண்டது 48,207 என்று இருந்தால், நான்கு வேலைகள் முடிந்து டிரைவருக்காகக் காத்திருக்கின்றன. அட்டையின் மீது குற்றமில்லை. ஒப்படைத்தது 48,211 ஆகவும், முடிந்ததும் எடுத்ததும் 48,207 ஆகவும் இருந்து, அந்த நான்கும் 5 நொடியாக அப்படியே நிற்கின்றன என்றால் மட்டுமே அட்டையைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். அமைதிக்குப் பின் வரும் பொய் டைம்அவுட்டில் இதே எண்கள் தோன்றினாலும், நிலுவை வேலையின் வயது மில்லிநொடிக் கணக்கில்தான் இருக்கும். ஆகவே எண்களோடு வயதையும் சேர்த்தே கேட்க வேண்டும். நல்ல டிரைவர்கள் குற்றம் சாட்டுவதற்கு முன் ரிங்கைத் தாமே ஒரு முறை பார்த்துவிடும். லினக்ஸின் என்விஎம்இ சேமிப்பக டிரைவர் இதற்கு நல்ல முன்மாதிரி: டைம்அவுட் நேரத்தில் வேலை ஏற்கெனவே முடிந்திருப்பதைக் கண்டால், நேரம் கடந்தது, ஆனால் தேடிப் பார்த்ததில் முடிவு கிடைத்தது என்று லாக்கில் எழுதிவிட்டு, ரீசெட் செய்யாமல் வேலையைத் தொடரும்.

முடிந்த வேலை எடுக்கப்படாமல் கிடப்பதற்கு இன்னொரு காரணம் இன்டரப்ட் தொலைந்துபோவது. டிரைவர் ரிங்கை முழுவதும் பார்த்து முடித்து, இனி எதுவும் இல்லை என்று இன்டரப்டை மீண்டும் திறந்துவிடும் அந்த இடைவெளியில் ஒரு வேலை முடிந்தால், அதன் இன்டரப்ட் மூடிய கதவில் மோதி மறைந்துவிடலாம். திறந்த பிறகு ரிங்கை இன்னொரு முறை பார்க்காத டிரைவர் அந்த வேலையை அறியவே அறியாது. பழைய வகைக் கம்பி இன்டரப்டில், நினைவகத்துக்குத் தரவு வந்து சேர்வதற்கு முன்பே இன்டரப்ட் வந்துவிடும் வாய்ப்பும் உண்டு. டிரைவர் ரிங்கைப் பார்க்கும்போது அடையாளம் இன்னும் வந்திருக்காது. இப்போது வழக்கிலுள்ள எம்எஸ்ஐ முறையில் இன்டரப்டும் நினைவகத்துக்கு எழுதப்படும் ஒரு செய்தியாகவே போவதால், முன்னே சென்ற தரவை அது முந்துவதில்லை. லினக்ஸில் ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைச் சில நொடி இடைவெளியில் இரு முறை திறந்து, முடுக்கியின் வரியிலுள்ள எண்கள் கூடுகின்றனவா, எந்தச் செயலிக்குரிய நெடுவரிசையில் கூடுகின்றன என்று பாருங்கள். வேலை முடியும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்க, இன்டரப்ட் எண் அசையாமல் நின்றால், தொலைவது இன்டரப்ட்தான் என்பது தெளிவாகிவிட்டது.

இனிக் கடிகாரம். லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் ஜிஃபீஸ் என்னும் எண்ணியால் நேரத்தை எண்ணுகிறது. 32 பிட் கணினியில், நொடிக்கு 1,000 என்ற வேகத்தில் அது ஓடினால், சுமார் 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். இரண்டு நேரங்களில் எது பெரியது என்று நேரடியாக ஒப்பிடும் டிரைவர் அந்தக் கணத்தில் தடுமாறி, இல்லாத தாமதத்தைக் கண்டுபிடித்துவிடும். இந்தப் பிழை ஐம்பதாவது நாள் வரை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகவே, கணினி தொடங்கிய 5 நிமிடத்தில் எண்ணி நிரம்பும்படி கேர்னல் அதன் தொடக்க மதிப்பை அமைத்திருக்கிறது. அது ஒரு நல்ல யோசனை. எனவே பழைய 32 பிட் ரூட்டர் ஒன்றில், தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் ஒரு டைம்அவுட், பிறகு 49 நாள் மௌனம் என்றிருந்தால் அட்டையைக் கழற்ற வேண்டாம். அட்டையை மாற்றினாலும் கணினியை அணைத்துப் போடுவதால் எண்ணி புதிதாகத் தொடங்கி, ஐந்தாவது நிமிட நிரம்பலைத் தாண்டியதும் 49 நாள் அமைதியாக இருக்கும்; புது அட்டையால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

கேர்னலின் எண்ணியை விட்டுவிட்டு, சுவர்க் கடிகார நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள்கள் இன்னும் எளிதில் ஏமாறும். நேரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபி சேவை, வேறுபாடு 128 மில்லிநொடியைத் தாண்டினால் சிறிது சிறிதாக நகர்த்தாமல் ஒரே தாவலாகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கொண்டது. உள் பேட்டரி செத்துப்போன நுழைவாயில், மின்சாரம் திரும்பியதும் பல ஆண்டு பின்தங்கிய தேதியோடு எழுந்து, என்டிபி கிடைத்ததும் இன்றைக்குத் தாவும். அந்தத் தாவலில் நிலுவையிலிருக்கும் ஒவ்வொரு வேலையும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாகத் தோன்றும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதாகச் சொல்லப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கண்ட நமக்கு இது ஏட்டுக்கணக்கு அல்ல. மின்சாரம் வந்த முதல் சில நிமிடங்களில் மட்டும் டைம்அவுட்டுகள் கொத்தாக வருகின்றனவா என்று பாருங்கள். நேர வலயத்தை மாற்றுவதால் இந்தச் சிக்கல் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இலங்கை நேரம் 1996 இல் இரு முறையும் 2006 ஏப்ரலில் மறுபடியும் மாறியபோது, உலகப் பொது நேரத்தை எண்ணும் கணினிகளில் காட்சி மட்டுமே மாறியது, எண்ணி மாறவில்லை. மாறாக, வலயத்தை மாற்றாமல் கடிகாரத்தையே கையால் அரை மணி நகர்த்தினால், அது உண்மையான தாவல்.

அட்டையும் கடிகாரமும் சரி, இன்டரப்டும் வந்தது, ஆனால் அதைக் கேட்க வேண்டிய செயலி வேறு வேலையில் மூழ்கியிருந்தது என்பதும் நடப்பதே. இதில் என்னை மிகவும் கவர்ந்த சிக்கல், பிழையைத் தேடுவதற்காகவே நாம் செய்யும் காரியம் பிழையை உண்டாக்குவது. டீபக் வரிகளைத் திறந்துவிட்டு, லாக் சீரியல் கன்சோலுக்கும் (எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் அனுப்பும் மெதுவான முனையத்துக்கும்) போகும்படி விட்டுவிடுகிறோம். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகளே போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 83 மில்லிநொடி. நூறு வரி வந்தால் 8 நொடிக்கும் மேல். அந்த நேரத்தில் அதே செயலியில் இன்டரப்டுகள் தடுக்கப்பட்டிருந்தால் 5 நொடி எல்லை உடைந்துவிடும். டைம்அவுட் மேலும் வரிகளை எழுத, அது மேலும் தாமதத்தை உண்டாக்கும். ஆகவே டீபக் வேண்டுமானால் கன்சோலுக்குப் போகும் அளவைக் குறைத்துவிட்டு, நினைவகத்தில் மட்டும் சேரும்படி வையுங்கள். லாக்கில் டைம்அவுட்டுக்கு அருகே சாஃப்ட் லாக்அப் என்ற எச்சரிக்கை இருந்தால், ஒரு செயலி பல நொடி மாட்டிக்கொண்டிருந்ததற்கு அது நேரடிச் சாட்சி. நுழைவாயில் மெய்நிகர் கணினியாக இருந்தால், டாப் கட்டளையில் ஸ்டீல் என்ற விகிதத்தையும் பாருங்கள். தாய்க் கணினி நம் கணினியை நிறுத்தி வைத்திருந்த நேரம் அதில் தெரியும்.

வரிசை நீண்டதால் தாமதம் என்ற விளக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள். நொடிக்கு 2 கிகாபிட் செய்யும் முடுக்கிக்கு 1,500 பைட் பாக்கெட் ஒன்று 12,000 பிட், அதாவது 6 மைக்ரோநொடி வேலை. 1,024 இடமுள்ள ரிங் முழுவதும் நிரம்பினாலும் 6 மில்லிநொடிக்குச் சற்று மேல். எல்லை 5 நொடி என்றால் இந்த விளக்கம் நிற்காது. எல்லை 5 மில்லிநொடி என்று யாராவது அமைத்திருந்தால் நிற்கும்.

அட்டையே உண்மையில் கெட்டுப்போவதும் உண்டு, அதன் அடையாளங்கள் வேறு. ரெஜிஸ்டர்களைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகவே வருகிறதென்றால், அட்டை, அதைக் கணினியோடு சேர்க்கும் பிசிஐ இணைப்பிலிருந்தே விலகிவிட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸின் பிழை அறிக்கையில் திருத்த முடியாத பிழைகள் பதிவாவது, எட்டு வழித்தட அட்டை நான்கில் இயங்குவது, ரீசெட்டுக்குப் பின்னும் எழாமல் கிடப்பது, விடையே தெரிந்த சோதனை உள்ளீட்டுக்குத் தவறான விடை தருவது ஆகியவை வலுவான சான்றுகள். ஏஇஎஸ் என்னும் மறைகுறியாக்க முறைக்கான அமெரிக்கத் தர ஆவணமான ஃபிப்ஸ் 197, 2001 இல் வெளியானது, இத்தகைய மாதிரி உள்ளீடுகளையும் விடைகளையும் அச்சிட்டே தருகிறது. முடுக்கியை அணைத்துச் செயலியிடம் வேலையைக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அப்படி அணைத்தால் டிரைவர், இன்டரப்ட், வாட்ச்டாக் எல்லாமே சேர்ந்து விலகிவிடுகின்றன, ஆகவே அது எதையும் பிரித்துக் காட்டாது. இன்டெல் செயலிகள் 2010 முதல் ஏஇஎஸ் கட்டளைகளைத் தம்முள்ளேயே கொண்டிருப்பதால், விசாரணை நடக்கும் நாட்களில் வேலையைச் செயலியிடம் விட்டுவைப்பது நடைமுறைக்கு உகந்த ஏற்பாடுதான்.

எல்லையை உயர்த்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சோதனையாக உயர்த்துவது பயனுள்ளது: 5 நொடியை 10 ஆக்கியதும் டைம்அவுட்டுகள் மறைந்தால் வெறும் தாமதம், அதே எண்ணிக்கையில், 5 நொடி பிந்தி மட்டும் வந்தால் செய்தி தொலைந்துபோகிறது, எவ்வளவு காத்தாலும் வராது. தீர்வாக அதை விட்டுவைப்பது சரியல்ல, ஏனெனில் உண்மையாக அட்டை நின்றுபோகும் நாளில் கிளைகள் இன்னும் 5 நொடி கூடுதலாக உறைந்திருக்கும். எல்லையைத் தொடாமல் விட்டாலும் சேதம் உண்டு: டைம்அவுட் பொய்யாக இருந்தாலும் ரீசெட் உண்மையானது. ரிங்கிலிருந்த பாக்கெட்டுகள் போய்விடும். டிரைவர் அவற்றை மறுபடி ஒப்படைத்தாலும், பின்னால் வந்தவை முன்னே போய்விட்டால், பழைய பாக்கெட்டை யாரும் மறுபடி அனுப்பி ஏமாற்றாதிருக்க மறுமுனை வைத்திருக்கும் மீள்வருகைத் தடுப்புச் சாளரத்துக்கு வெளியே விழுந்தவை பழைய பாக்கெட்டுகள் என்று ஒதுக்கப்படும். ஐபிசெக்கில் பாக்கெட்டை மறைகுறியாக்கும் பகுதியான ஈஎஸ்பியின் தரம் அந்தச் சாளரத்துக்கு 64 பாக்கெட்டையே வழமையான அளவாகப் பரிந்துரைக்கிறது. வேகமான இணைப்பில் அது ஒரு கண்சிமிட்டலுக்குக்கூடப் போதாது. மறுமுனையில், லினக்ஸில் ஐபிசெக்கைக் கவனிக்கும் எக்ஸ்எஃப்ஆர்எம் பகுதியின் புள்ளிவிவரக் கோப்பில் வரிசை எண் பிழைகள் ரீசெட் நேரங்களில் ஏறுவதைக் காணலாம்.

இவ்வளவும் பார்த்த பின்னும் அட்டைதான் என்று தோன்றினால், விற்பனையாளருக்கு எழுதும்போது டைம்அவுட் வரியை மட்டும் வெட்டி ஒட்டாமல், அந்தக் கணத்தின் மூன்று ரிங் எண்கள், நிலுவை வேலையின் வயது, முன்னும் பின்னும் எடுத்த இன்டரப்ட் எண்கள், கணினி தொடங்கி எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசியாக என்டிபி தாவிய நேரம், டிரைவரின் பதிப்பு, பிசிஐ பிழை அறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கணினியை அணைப்பதற்கு முன்பே இவற்றைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அணைத்தால் இவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிடும்.